நன்றாக ஆறியிருக்கிறது என்று யார் சொல்வது?

சிசேரியன் தழும்பைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், அது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதில்தான் போய் நிற்கிறது. மெல்லியதாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா, உள்ளாடைக்குள் மறைந்துவிடுகிறதா, நிறம் மங்கிவிட்டதா என்றுதான் தோழிகள் கேட்கிறார்கள். களிம்பு விற்பவர்கள் கேட்கிறார்கள். மருத்துவர்களும் ஏறத்தாழ அதையேதான் கேட்கிறார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எனக்கு வாய்த்தது குறை சொல்ல முடியாத தழும்பு. பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனையில் மருத்துவர் சில நொடிகள் பார்த்துவிட்டு, "மிக நன்றாக ஆறியிருக்கிறது" என்றார். கோப்பிலும் அப்படியே எழுதினார். அவர் சொன்னதில் தவறு ஏதுமில்லை. சீழ் இல்லை, சிவப்பு இல்லை, தையல் எங்கும் பிரியவில்லை. ஆனால் தழும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துக் கிடந்தது. அந்த மரத்த இடத்துக்குள்ளேயே, சொறிந்தாலும் எட்டாத ஓர் அரிப்பு இருந்தது. உயரத்திலிருந்து எதையாவது எடுக்கக் கையை நீட்டினால், உள்ளிருந்து யாரோ நூலைச் சுண்டி இழுப்பதுபோல இருந்தது. இவற்றில் எதையும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நன்றாக ஆறிய ஒன்றைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாய் வராததற்குக் கூச்சம் மட்டும் காரணமல்ல. குழந்தையும் தாயும் நலமாக இருக்கும்போது அரிப்பு என்றும் மரப்பு என்றும் பேசுவது நன்றிகெட்டதனமாகத் தோன்றும். வீட்டில் சொன்னால், "நல்லபடியாகப் பிழைத்து வந்தாயே, அது போதாதா?" என்ற பதில் காத்திருக்கும். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதை நான் மறுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம், வெட்டிய கருப்பையைத் தைக்காமலே விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. இரத்தப்போக்கும் தொற்றும் தாய்மாரைக் கொண்டுபோயின. 1876இல் இத்தாலிய மருத்துவர் எடுவார்டோ போர்ரோ, தாயைக் காப்பாற்றுவதற்காக, குழந்தையை எடுத்த கையோடு கருப்பையையே அகற்றினார். 1882இல் ஜெர்மானியரான மாக்ஸ் சேங்கர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை வலியுறுத்திய பிறகுதான், இந்த அறுவையிலிருந்து கருப்பையும் உயிரும் தப்பி எழுந்து வருவது நம்பக்கூடிய ஒன்றாயிற்று. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் வயிற்றில் தழும்பு இருப்பதே பெரிய வெற்றி. அதைப் பற்றி வேறு கேள்வி கேட்க இடமிருக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் நிகழும் பிரசவங்களில் 21 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் மேல், சிசேரியன். 2030இல் இது 29 விழுக்காட்டை நெருங்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இத்தனை கோடிப் பெண்கள் வாழ்நாள் முழுதும் சுமக்கும் ஒன்றை, கடைசி முயற்சியாக மட்டும் அந்த அறுவை செய்யப்பட்ட காலத்தின் அளவுகோலைக் கொண்டு இன்னமும் அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோட்டுக்குக் கீழே

இன்று பரவலாக இடப்படும் குறுக்குவெட்டு, 1900இல் ஹெர்மன் ஃபானன்ஸ்டீல் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தது. தொப்புளுக்குக் கீழே நெடுக்காக இடப்பட்ட பழைய வெட்டோடு ஒப்பிட்டால் இதில் பிற்பாடு குடலிறக்கம் வருவது குறைவு. தழும்பும் மறைவான இடத்தில் அமைகிறது. இந்த இரண்டாவது வசதிதான் பின்னாளில் பெரும்புகழ் பெற்றது. வயிற்றுத் தசையையே வெட்டிவிடுகிறார்கள் என்று பல பெண்கள் நம்புகிறார்கள். பொதுவாக அப்படிச் செய்வதில்லை. தோலும், கொழுப்பும், தசையைப் போர்த்தியிருக்கும் உறுதியான உறையும் வெட்டப்படுகின்றன; நடுவிலுள்ள நெடுந்தசைகள் இரண்டும் இருபுறமாக விலக்கப்படுகின்றன. தப்ப முடியாதவை நரம்புகள்தாம். அடிவயிற்றுத் தோலுக்கு உணர்வு தரும் மெல்லிய நரம்பிழைகள் வெட்டின் பாதையிலேயே கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றை அறுக்காமல் உள்ளே போக வழியில்லை. மரத்த பகுதி பெரும்பாலானோருக்கு மாதங்கள் செல்லச் செல்லச் சுருங்குகிறது, சிலருக்கு ஒரு திட்டு நிலையாகத் தங்கிவிடுகிறது. வெட்டு பக்கவாட்டில் அதிகம் நீளும்போது இலியோஹைப்போகாஸ்ட்ரிக், இலியோஇங்குவினல் என்னும் இரண்டு நரம்புகள் அறுபடவோ, தையலில் சிக்கவோ, பிறகு வளரும் தழும்புத் திசுவில் இறுகவோ கூடும். அப்போது தழும்பின் ஒரு முனையிலிருந்து தொடையிடுக்கு நோக்கி எரிச்சலும் குத்தலும் பரவும். அந்த நரம்பின் அருகில் மரப்பு மருந்தை ஊசியாகச் செலுத்தி வலி அடங்குகிறதா என்று பார்ப்பது அதைக் கண்டறியும் வழிகளில் ஒன்று. அந்தச் சோதனைவரை போக, வலி இருக்கிறதா என்று முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அறுவைக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. 2016இல் பல ஆய்வுகளைத் திரட்டி வெளியான மதிப்பீடு ஒன்று, சிசேரியனுக்கு ஓராண்டு கழித்தும் ஏறத்தாழ பத்தில் ஒரு பெண்ணுக்கு வலி இருப்பதாகக் கண்டது. பலருக்கு அது தாங்கிக்கொள்ளக்கூடிய வலிதான். தாங்கிக்கொள்ள முடிவதாலேயே அது எங்கும் பதிவாவதில்லை என்பது என் எண்ணம். காலையில் படுக்கையிலிருந்து நேராக எழாமல் பக்கவாட்டில் உருண்டு எழுவது, இருமல் வந்தால் கை தானாக அடிவயிற்றை அழுத்திக்கொள்வது, இடுப்பில் இறுகும் உடைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிடுவது, குழந்தையை ஒரே பக்க இடுப்பில் தூக்கிப் பழகிவிடுவது என்று வாழ்க்கை அந்தக் கோட்டைச் சுற்றி வளைந்துகொடுத்துவிடுகிறது. வளைந்துகொடுத்தது பழகிப்போனபின் அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை, சுமப்பவள் உட்பட. முதுகுவலிக்கு மட்டும் ஒரு குற்றவாளி எப்போதும் தயாராக இருக்கிறது. முதுகுத்தண்டில் போட்ட மயக்க ஊசி என்பார்கள். ஆண்டுக்கணக்கில் நீளும் முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கோணலாக நடந்து, கோணலாகத் தூக்கி, வயிற்றுத் தசையைப் பயன்படுத்தவே அஞ்சி வாழ்ந்த மாதங்களை யாரும் சந்தேகிப்பதில்லை.

பார்வைக்குத் தெரியும் தொல்லைகளுக்காவது ஓரளவு வழி இருக்கிறது. வெட்டின் எல்லைக்குள்ளேயே தடித்து எழும் தழும்பு ஒரு வகை. எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் படரும் கெலாய்டு இன்னொரு வகை. கருநிறத் தோல் உடையவர்களிடம் கெலாய்டு அதிகம். சிலிக்கான் பட்டைகள், களிம்புகள், தழும்புக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி என்று மருத்துவம் இருக்கிறது. கெலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் வளர்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது தோல் மருத்துவர்களின் களம், நான் இதில் அதிகம் நிற்கப்போவதில்லை. என்னை அரித்தது தடிக்காத தழும்பு.

ஒரே தழும்பு, இரண்டு மதிப்பெண்கள்

மகள் எந்நேரமும் தூக்கிக்கொள்ளச் சொல்லி அடம்பிடித்த வயதில், இடுப்புவலிக்காக ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனேன். தழும்புக்காகப் போகவில்லை, அதற்கென்று ஒருவரிடம் போகலாம் என்பதே எனக்குத் தெரியாது. அவர் என்னை நடக்கச் சொன்னார், குனியச் சொன்னார், கைகளை மேலே தூக்கச் சொன்னார். தூக்கும்போது நான் முழுதாக நிமிரவில்லை என்பதை அவர்தான் கவனித்தார். பிறகு, "சிசேரியனா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பதுண்டா?" என்று அடுத்த கேள்வி வந்தது. குளிக்கும்போது சோப்பு போடுவதோடு சரி என்றேன். "கண்ணாடியில் பார்ப்பீர்களா?" இல்லை என்று சொல்லும்போதுதான், என் உடலின் அந்தப் பகுதியை நான் எவ்வளவு காலமாகச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் வியப்படையவில்லை. தம்மிடம் வருகிறவர்களில் பலர் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து வைத்தார்.

அந்தத் தாளுக்கு இரண்டு பாகங்கள். ஒன்று பரிசோதிப்பவர் நிரப்புவது, மற்றொன்று தழும்புக்கு உரியவர் நிரப்புவது. 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகோல் அது என்றும், அதற்கு முன் பரவலாகப் பயன்பட்ட, 1990இல் வந்த வான்கூவர் அளவுகோலில் நிறம், இரத்த ஓட்டம், நெகிழ்வு, உயரம் என்ற நான்கை மட்டும் மருத்துவரே பார்த்து மதிப்பிடுவார் என்றும் விளக்கினார். நோயாளிக்கென அதில் ஒரு கேள்விகூட இல்லையாம். தீக்காயத் தழும்புகளுக்காக உருவாக்கப்பட்ட கருவி அது. உருவாக்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பார்ப்பவர் மட்டுமே மதிப்பிடும் ஒரு முறை இத்தனை ஆண்டுகள் போதுமானதாகக் கருதப்பட்டது என்பது எனக்கு நிறைய விஷயங்களை விளக்கியது.

அவர் தம் பாகத்தை நிரப்பினார். இயல்பான தோலுக்கு 1, மிக மோசமான தழும்புக்கு 10. ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் 1, 2 என்றுதான் போட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். வலிக்கிறதா, அரிக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா, தடிப்பாக இருக்கிறதா, மேடுபள்ளமாக இருக்கிறதா என்று ஆறு கேள்விகள். நிறத்துக்கும் மேடுபள்ளத்துக்கும் நானும் 1 போட்டேன். அரிப்புக்கு 8 என்று எழுதும்போது, மிகைப்படுத்துகிறேனோ என்று ஒரு கணம் பேனா நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தார்; அது உதவியது. விறைப்புக்கு 7 போட்டேன். இரண்டு பாகங்களையும் அவர் அருகருகே வைத்தார். ஒரே தழும்பு, ஒரே பிற்பகல், இரண்டு மதிப்பெண்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. "எது சரி?" என்று கேட்டேன். "இரண்டும்தான். இந்த வித்தியாசத்துக்குத்தான் நான் வைத்தியம் செய்யப்போகிறேன்" என்றார்.

பல ஆண்டுகளாக என் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த வாதம் அந்த மேசைமேல்தான் முதன்முதலாக எனக்கு விளங்கும் உருவில் வந்தது. முதல் மருத்துவர் பொய் சொல்லவில்லை. நானும் இல்லாததைக் கற்பனை செய்யவில்லை. அவருக்குக் கையில் இருந்தது தாளின் ஒரு பாதி மட்டும். அந்த முழுத் தாளும்கூட எல்லாவற்றையும் கேட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மரத்துப்போனதற்கு அதில் கட்டமில்லை. உடலுறவின்போது என்ன ஆகிறது என்ற கேள்வி இல்லை. மறுபடி கருத்தரிக்கப் பயமா என்ற கேள்வி இல்லை. வாழ்க்கைத் தரம் என்று நாம் சொல்வதில் பாதி, அந்த ஆறு கேள்விகளுக்கும் வெளியேதான் இருக்கிறது.

தோல் மூடிக்கொள்வதை நாம் காயம் ஆறுவதன் முடிவு என்று எடுத்துக்கொள்கிறோம். உடலின் கணக்கில் அது தொடக்கம். அவசரத்தில் இடப்பட்ட கொலாஜன் என்னும் புரத நார்கள் களையப்பட்டு, வலுவான நார்கள் அந்த இடத்தில் ஒழுங்காக அமைவது ஓராண்டும் அதற்கு மேலும் நீள்கிறது. அதன் பிறகும் தழும்பு பழைய தோலின் வலிமையில் 80 விழுக்காடு அளவையே எட்டுகிறது. அப்படியிருக்க ஆறாவது வாரத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துக் கோப்பை மூடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018இல் இந்தப் பழக்கத்தை மாற்றச் சொன்னது. மூன்று வாரத்துக்குள் முதல் தொடர்பு, பன்னிரண்டு வாரத்துக்குள் முழுமையான பரிசோதனை, பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு ஒரே சந்திப்பாக இல்லாமல் தொடர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. தழும்புக்காக மட்டும் சொன்னதல்ல அது. இருந்தாலும், இரண்டாவது முறை பார்க்கிறபோதாவது யாராவது கேட்பார்களே.

இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்தது மிக எளிய வேலை. காயம் முழுமையாக மூடிய தழும்பில் விரல்களை வைத்து, தோலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்துவது. மரத்த இடத்தில் துணி, பஞ்சு, தூரிகை என்று வெவ்வேறு பொருள்களை மாற்றி மாற்றித் தேய்ப்பது. மூச்சோடு சேர்த்து அடிவயிற்றுத் தசையை மறுபடி வேலை வாங்குவது. இத்தகைய நீவுதலுக்கு ஆய்வுச் சான்று இன்னும் மெலிதாகத்தான் இருக்கிறது என்பதை அவரே சொன்னார். எனக்கு இழுப்பு பெருமளவு குறைந்தது, அரிப்பு குறைந்தது, மரத்த திட்டு அப்படியே இருக்கிறது. எதற்கு எவ்வளவு பங்கு, காலமா கைவேலையா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. என் கணவர் அந்த இடத்தில் கை படாமல் பார்த்துக்கொள்வார். எனக்கு வலிக்கும் என்று அவர் பயந்திருக்கிறார்; அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்திருக்கிறேன். இருவரில் யாரும் அதைப் பேசவில்லை, ஏனென்றால் எப்போது தொடலாம், எப்படித் தொடலாம் என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானே தொடப் பழகிய பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுக்கும் தாளில் எடை தூக்காதே, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்பவற்றோடு இதற்கும் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இதே ஆறு கேள்விகளை நெருங்கிய தோழி ஒருத்தியிடம் வாய்மொழியாகக் கேட்டேன். அவளுக்கு இரண்டு சிசேரியன்கள். தழும்பு என்னுடையதைவிடத் தடிப்பு, நிறமும் அடர்த்தி. எல்லாவற்றுக்கும் 1 என்றாள். "எனக்கு அது இருப்பதே நினைவில்லை. நீ ஏன் இதை இவ்வளவு பெரிதாக்குகிறாய்?" என்று கேட்டாள். அவளுடைய பதில் என் வாதத்தைப் பலவீனப்படுத்துவதாக முதலில் தோன்றியது. பிறகு யோசித்தால், பார்ப்பதற்கு மோசமான தழும்பு ஒன்றும் செய்யாமலும், பார்ப்பதற்கு நல்ல தழும்பு ஆளை வருத்தியும் இருக்கலாம் என்பதற்கு எங்கள் இருவரைவிட நல்ல சாட்சிகள் கிடைக்கமாட்டார்கள்.

கண்ணுக்கு எட்டாத இன்னொன்று

வெளியே தெரியும் கோட்டைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். கருப்பைச் சுவரில் இன்னொரு தழும்பு இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதே இல்லை. என்னுடன் வேலை செய்த ஒருவருக்கு, மாதவிடாய் முடிந்த பிறகும் நாள்கணக்கில் பழுப்பு நிறத்தில் கசிவு இருந்தது. ஹார்மோன் கோளாறு என்றார்கள், மன அழுத்தம் என்றார்கள், மாத்திரைகள் மாறின. கடைசியில் பிறப்புறுப்பு வழியாக எடுத்த ஸ்கேனில், பழைய சிசேரியன் தையல் இருந்த இடத்தில் கருப்பைச் சுவர் உட்பக்கமாகக் குழிந்து ஒரு பைபோல ஆகியிருப்பது தெரிந்தது. மாதவிடாய் இரத்தம் அதில் தங்கி, பிறகு மெல்லக் கசிகிறது. இரண்டு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஆழமுள்ள குழிவை மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். பலருக்கு இது எந்தத் தொல்லையும் தருவதில்லை, தொல்லை இல்லையென்றால் வைத்தியமும் தேவையில்லை. சிலருக்குக் கசிவு, அடிவயிற்று வலி, கருத்தரிப்பதில் தடை என்று வருகிறது. இன்னும் சிலருக்கு, அறுவையின்போது கருப்பையின் உட்சுவர்த் திசு வயிற்றுச் சுவரில் பதிந்து அங்கேயே வளர்கிறது. தழும்பின் ஓரத்தில் ஒரு கட்டி தோன்றி, ஒவ்வொரு மாதவிடாயின்போதும் வீங்கி வலிக்கிறது. தையல் புண் என்றோ குடலிறக்கம் என்றோ அதைத் தவறாக நினைப்பது நடக்கிறது. மாதத்தின் எந்த நாள்களில் வலிக்கிறது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்த கருவுறுதல் வரும்போதுதான் இந்த உள்தழும்பு பேசத் தொடங்குகிறது. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துக் கீழே அமைந்துவிட்டால், அது பழைய தழும்பில் ஆழமாகப் பதிந்து பிரியாமல் போகும் அபாயம் ஒவ்வொரு சிசேரியனோடும் ஏறுகிறது. 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், அப்படி நஞ்சுக்கொடி கீழே அமைந்தவர்களில் முதல் சிசேரியனின்போது 3 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 11 விழுக்காட்டினருக்கும், மூன்றாவதில் 40 விழுக்காட்டினருக்கும் அது கருப்பையில் ஆழமாகப் பதிந்து பிரியாமல் போனது. மறுபக்கம், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குவெட்டு இடப்பட்ட பெண் அடுத்த முறை இயல்பான பிரசவத்துக்கு முயன்றால், பழைய தையல் பிளக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ ஐந்துதான். ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன் என்று 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிரேகின் சொன்னபோது, கருப்பையில் இடப்பட்டது மேற்பகுதியில் செல்லும் நெடுக்குவெட்டு. அது பிளக்கும் ஆபத்து பல மடங்கு அதிகம். வெட்டு மாறி நூறாண்டு ஆகப்போகிறது, வாக்கியம் மட்டும் இன்னும் மாறாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலான பெண்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தோலில் இருக்கும் கோடு குறுக்காக இருப்பதால் கருப்பையில் இடப்பட்ட வெட்டும் குறுக்காகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. குறைமாதக் குழந்தை, கோணலாகக் கிடந்த குழந்தை, அவசரம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்; வெளியே மறைவான மெல்லிய கோடும் உள்ளே நெடுக்கான வெட்டுமாக ஒரே பெண்ணிடம் இருக்கலாம். அதை அறிய ஒரே நம்பகமான வழி, அறுவை செய்தவர் அன்று எழுதிய அறுவைக் குறிப்பு. இரண்டாவது குழந்தையைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கியபோது என் குறிப்பின் நகலைக் கேட்டு எழுதிக்கொடுத்தேன். எதற்கு என்று பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் கேட்டார். அடுத்த பிரசவத்துக்கு என்றேன். அது மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்றார். சில வாரங்கள் கழித்து வந்தது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குவெட்டு, இரண்டு அடுக்குத் தையல், ஒட்டுத் திசுக்கள் இல்லை என்று ஒரு பக்கத்துக்கும் குறைவாக எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த புதிய மருத்துவர், இயல்பான பிரசவத்துக்கு முயலத் தடையில்லை என்றும், ஆனால் அவசர அறுவைக்கு எந்நேரமும் வசதியுள்ள இடத்தில்தான் முயல வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.